தலையில் தட்டிக்கொண்டு நின்றவன்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் குடிக்கவில்லை. வெயிலில் மயங்கியும் விழவில்லை. மணி மாலை ஐந்துகூட ஆகவில்லை, சூரியன் பளிச்சென்று இருந்தது. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைத்திருந்தவன்தான் நானும். நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

என் பெயர் பசிந்து. சொந்த ஊர் இலங்கையின் தெற்கே வெலிகம. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே அலை நன்றாக வரும். அலையில் சறுக்கும் பலகையும் கையுமாகத் திரிவேன். மே மாதம் தெற்கே கடல் கெட்டுவிடும், கற்பிட்டியில் காற்று எழும்பும். உடனே மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். இப்படி ஆறு மாதம் அலை, ஆறு மாதம் காற்று. "ஒரு இடத்துல குந்தித் தின்னவே மாட்டியாடா" என்று கேட்டுக் கேட்டு அம்மாவுக்கே அலுத்துவிட்டது.

கற்பிட்டியில் எனக்கு வேலை, வெளிநாட்டு விருந்தாளிகளுக்குப் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கக் கற்றுக்கொடுப்பது. பட்டம் என்றால் நீங்கள் மாடியில் விடுகிற பட்டம் இல்லை. பன்னிரண்டு சதுர மீட்டர். விரித்தால் ஒரு அறையை மூடும். நான்கு கயிறு, ஒரு கைக்கம்பு, இடுப்பு வாரில் ஒரு இரும்புக் கொக்கி. கைக்கம்பின் வளையத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டால் நீங்களும் பட்டமும் ஒன்று. அது போகிற இடத்துக்கு நீங்களும் போக வேண்டியதுதான்.

இதில் ஏற்றுவது பெரிய காரியமில்லை. இறக்குவதுதான் காரியம். கரையில் ஒருவன் நின்று பட்டத்தின் நுனியைக் கையால் பிடிக்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லாமல் இறக்கினால் தரையில் புரண்டு எழுந்து ஆளையே தூக்கி அடிக்கும். காற்றில் கத்தினால் கேட்காது என்பதால் அதற்கு ஒரு சைகை வைத்திருக்கிறோம். உள்ளங்கையால் உச்சந்தலையில் தட்டுவோம். 'என்னை இறக்கிவிடு' என்று அர்த்தம். கரையில் நிற்பவன் தன் தலையில் பதிலுக்குத் தட்டுவான். 'பார்த்துவிட்டேன், வருகிறேன்' என்று அர்த்தம். தட்டிவிட்டால் போயே ஆக வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் தட்டை வைத்துவிட்டு ஓடுவோம். எழுதாத சட்டம் அது.

போன ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை. விருந்தாளிகளைப் படகில் ஏற்றி மணல்திட்டுக்குக் கூட்டிப் போயிருந்தோம். கடலுக்குள் நீண்டு கிடக்கும் திட்டு அது. நாக்கு என்று சொல்வோம். மனித வாடையே கிடையாது. மேற்கே கடல், வடகிழக்கு முனையில் ஒரு முள்காடு, அவ்வளவுதான்.

4:10க்குப் படகோட்டி கிங்ஸ்லி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். நான் மட்டும் பட்டத்திலேயே வருகிறேன் என்று நின்றுவிட்டேன். நாள் முழுக்க ஊரான் பட்டத்தைப் பிடித்துக் கொடுப்பவனுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம். தனியாகப் போகாதே என்று மாணவர்களிடம் தினம் ஓதுகிறவனும் நான்தான். கிங்ஸ்லி ஒரு பார்வை பார்த்தான்.

4:35. காற்று மாறியது. மெல்ல ஏறவில்லை, யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஒரே அடி. பட்டம் என்னைத் தண்ணீரிலிருந்து பிடுங்கித் திட்டின் மணலில் எறிந்தது. பலகை கடலோடு போயிற்று. எழுந்து நின்று குதிகாலை மணலில் ஊன்றினேன். பட்டம் தலைக்கு நேர் மேலே நின்றது. கயிறுகள் ம்ம்ம்... என்று முனகின.

பயப்படவில்லை. காற்று இழுக்கும்போது வளையத்தைக் கையால் கழற்ற முடியாது, அதற்காகவே கொக்கிக்கு மேலே ஒரு சிவப்புப் பூட்டு உண்டு. தள்ளினால் பட்டம் கழன்று பொத்தென்று விழும். தள்ளினேன்.

நகரவில்லை.

இரண்டு கையாலும் தள்ளினேன். உள்ளே மணலும் உப்பும் இறுகியிருந்தன. தினமும் நல்ல தண்ணீரில் அலசு என்று மாணவர்களுக்குச் சொல்வேன். நான் அலசி மூன்று நாள் ஆகியிருந்தது. சரி, கயிறு அறுக்கும் கத்தி இருக்கிறதே என்று இடுப்பைத் தடவினேன். உறை காலி. மதியம் ஒரு விருந்தாளிக்குக் கொடுத்தது, திருப்பி வாங்க மறந்துவிட்டேன். என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேன்.

அடுத்த அடி வந்தது. பத்தடி தூரம் மணலில் இழுபட்டேன். முன்னால் பார்த்தேன். காற்று போகும் திசையில் முள்காடு. நடுவே, ஒரு காலத்தில் கருவாடு காயவைத்த இரும்புக் கம்பிகள், துருப்பிடித்து நட்டுக்கொண்டு நின்றன. நூற்றியிருபது காலடி தூரம் இருக்கும். அதற்குள் யாராவது வந்து பட்டத்தைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் நான் அந்தக் கம்பிகளுக்கு.

4:52. யாரும் இல்லை.

4:58. திரும்பிப் பார்த்தபோது... ஒருவன் நின்றான்.

திட்டின் தெற்கு முனையில். பச்சை பனியன். வெள்ளைக்காரன் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்து உள்ளங்கையால் தலையில் தட்டினான். எனக்கு உயிர் வந்தது. நான் கேட்பதற்கு முன்பே 'பார்த்துவிட்டேன், வருகிறேன்' என்கிறானே, தங்கமான மனுஷன் என்று நினைத்தேன். நானும் சந்தோஷமாகத் தலையில் தட்டினேன்.

அவன் வரவில்லை.

மறுபடி தட்டினான். நானும் தட்டினேன். அவன் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. "என்னடா பொம்ம மாதிரி நிக்கிற, வாடா!" என்று கத்தினேன். காற்று அதைத் தின்றுவிட்டது.

அப்போதுதான் ஒன்று உறுத்தியது. இவன் எப்படி வந்தான்? படகு எதுவும் இல்லை. நான் வந்து விழுந்தபோது திட்டு துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது.

5:14. இன்னொரு அடி. எண்பது காலடி.

காற்று சட்டென்று ஒரு நிமிடம் ஓய்ந்தது. என் கயிறுகள் தொய்ந்தன. முனகல் நின்றது. மணல் அசையவில்லை. அவனைப் பார்த்தேன். அவன் பனியன் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.



நன்றாகப் பார்த்தேன். அவன் சும்மா நிற்கவில்லை. பின்னால் சாய்ந்து நின்றான். குதிகாலை ஊன்றி, இடுப்பை முன்னால் கொடுத்து, ஒரு கையை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி... அச்சு அசல் என்னைப் போலவே. அவனையும் ஏதோ இழுத்துக்கொண்டிருந்தது. மேலே பார்த்தேன். வெறும் வானம்.

அவன் எனக்குப் பதில் சொல்லவில்லை. அவன்தான் கேட்டுக்கொண்டிருந்தான். என்னை இறக்கிவிடு, என்னை இறக்கிவிடு என்று. நானும் வருகிறேன் என்று தட்டிக் காட்டிவிட்டேன்.

5:16. காற்று திரும்ப வந்தது. நான் இழுபட்டேன். அவனும் இழுபட்டான். என் பக்கமாக.

எனக்குப் பின்னால் மணலில் என் குதிகால் உழுத இரண்டு நீளக் கோடுகள். அவனுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. மணல் வழவழவென்று கிடந்தது.

5:40. நாற்பது காலடி.

சூரியன் சாய்ந்து, பட்டத்தின் நிழல் திட்டின் மேல் நீளமாக விழுந்தது. பார்த்தேன்.

இரண்டு நிழல்.

மேலே என் சிவப்புப் பட்டம் ஒன்றுதான். கீழே இரண்டு.

கயிற்று முனகலும் இரண்டாகக் கேட்டது. ஒன்று என் தலைக்கு மேலே. இன்னொன்று... பின்னாலிருந்து, நெருங்கி நெருங்கி...

பூட்டை அடித்தேன். நகத்தால் தோண்டினேன். விரல் கிழிந்தது. மேரி மாதாவைக் கூப்பிட்டேன். நான் புத்தர் கோயிலுக்குப் போகிறவன். அந்த நேரத்தில் கற்பிட்டிக்காரர்கள் கூப்பிடுகிற சாமிதான் வாயில் வந்தது.

5:52. இருபது காலடி.

அவன் எனக்குப் பத்தடியில் இருந்தான்.

உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கை மட்டும் நிற்கவில்லை. தட்... தட்... தட்...

அவன் உச்சந்தலையைப் பார்த்தேன். கை படுகிற இடத்தில் முடியே இல்லை. தட்டித் தட்டித் தேய்ந்திருந்தது.

"என்னால முடியாதுடா," என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். "என்னோடதையே எறக்க ஆளில்ல."

கை நின்றது.

முதல் முறையாக என்னைப் பார்த்தான்.

5:58. பெரிய அடி.

கால் மணலைவிட்டு எழும்பியது. கம்பிகள் என்னை நோக்கி வந்தன. கண்ணை மூடினேன்.

இடுப்பில் ஒரு கை பட்டது.

சில்லென்று...

அடுத்த நொடி மண்ணில் முகம் குப்புற விழுந்தேன். என் பட்டம் முள்காட்டின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது. ஆனால் முனகல் நிற்கவில்லை. அது என் முதுகுக்கு மேலே கடந்து போனது. முள்காட்டுக்குள் கிளைகள் படபடவென்று முறிந்தன. பிறகு ஒன்றுமில்லை.

எழுந்து இடுப்பைப் பார்த்தேன். கொக்கி காலி. வளையம் மணலில் கிடந்தது. சிவப்புப் பூட்டு திறக்கவே இல்லை. பூட்டியது பூட்டியபடியே கழன்றிருந்தது. இன்றுவரை அது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

6:20க்குக் கிங்ஸ்லியின் படகு வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். கரையிலிருந்து பார்த்தால் பட்டம் தெரியும், வெகு நேரமாக நகரவில்லை என்றால் ஆபத்து என்று அவனுக்குத் தெரியும். "ஏண்டா வரல? சாவட்டும்னு விட்டியா?"

"பாத்தேன் மச்சான், பாக்காம என்ன. ரெண்டு பட்டம் நின்னுச்சு. சரி, கூட ஆள் இருக்கான், ஒருத்தன ஒருத்தன் எறக்கிவிட்டுக்குவீங்கன்னு நெனச்சேன். அதான் சோறு தின்னுட்டு வந்தேன்."

"ரெண்டா?"

"ஒன்னோட செவப்பு. இன்னொண்ணு மஞ்சள்." அவன் திட்டை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தான். "அவன் எங்க?"

என் முகத்தைப் பார்த்தவன் மெல்ல நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். கேட்டால் கிங்ஸ்லி நழுவினான். முதலாளியோ, சீசன் நேரத்தில் விருந்தாளிகள் காதில் விழுகிற மாதிரி எதையும் உளறாதே என்று அதட்டினார். அப்படியென்றால் ஏதோ இருக்கிறது. நான் விடவில்லை. கடைசியில் கிங்ஸ்லி அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னை ஒரு மீன் வாடிக்குக் கூட்டிப்போனான். கடல்நீர் புகுந்து நிற்கும் களப்பின் அக்கரையில் நான்கைந்து ஓலைக் கொட்டில்கள். மார்சலின் என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும், வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். பால் இல்லாத தேநீர் கொடுத்தார். கிங்ஸ்லி விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் அது. ஒரு வெள்ளைக்காரன் தனியாக வந்து, எந்த விடுதியிலும் தங்காமல் நாக்கில் கூடாரம் அடித்திருந்தானாம். பெயர்கூட யாருக்கும் தெரியாது. மாலை நாலரை மணிக்கு மார்சலினின் படகு அந்தப் பக்கமாகப் போயிருக்கிறது.

"அஞ்சு பேரு போனோம் தம்பி. அவன் மணல்ல நின்னான், மேல பட்டம். எங்களப் பாத்துத் தலையில தட்டினான். வெள்ளக்காரன் வணக்கம் வைக்கிறான்னு நெனச்சோம். நாங்களும் தட்டினோம். அஞ்சு பேரும்."

அவன் இன்னும் வேகமாகத் தட்டினானாம். இவர்களும் போட்டிக்கு வேகமாகத் தட்டினார்களாம். படகில் ஒரே சிரிப்பாம்.

"அவனுக்கும் ரொம்ப சந்தோஷம் தம்பி. சிரிச்சான். அழுத மாதிரிகூட இருந்துச்சு. நாங்க அப்பிடியே போயிட்டோம்."

விடிந்து திரும்பும்போது முள்காட்டில் மஞ்சளாக ஏதோ தெரிந்திருக்கிறது. போய்ப் பார்த்தார்கள். கயிற்றில் சுற்றி, அந்தக் கம்பிகளுக்கு நடுவில் கிடந்தான். பச்சை பனியன். ஒரு கை தலைமேலேயே விறைத்துப் போயிருந்ததாம்.

நான் தலையை நிமிர்த்தினேன். அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த நிழலுக்கு மேலே கட்டியிருந்தது மஞ்சள் துணி. பட்டத் துணி. வீணாகப் போகிறதே என்று போலீஸ் போன பிறகு எடுத்து வந்து கட்டியிருக்கிறார்கள். காற்றில் அது லேசாக முனகியது.

மார்சலின் குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு தம்பி. உங்க ஆளுங்க யாருகிட்டயும் கேட்டதில்ல. தலையில தட்டினா... என்ன அர்த்தம்?"

கிங்ஸ்லியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றேன். "வணக்கம்தான்."

"அதானே!" அவர் பெருமூச்சு விட்டார். "நான் அப்பவே சொன்னேன் இவனுங்ககிட்ட."

படகு கிளம்பியது. மார்சலின் கரைவரை வந்து நின்றார். மனசு லேசாகியிருக்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பாக, எங்களைப் பார்த்து உள்ளங்கையால் தலையில் இரண்டு தட்டு தட்டினார்.

என் கை எழவில்லை. வருகிறேன் என்று ஏற்கெனவே ஒருவனுக்குத் தட்டிக் காட்டிவிட்டு, அவனை இறக்காமலே வந்திருக்கிறேன்.