இலவசத்தில் விட்டுப்போன ஒற்று

அச்சகத்தில் அவருக்கு ஒற்றுக்காரர் என்றே பெயர். பாடநூலோ சோப்பு அட்டைப்பெட்டியோ, அவர் கைக்கு வந்துவிட்டால் விட்டுப்போன க், ச், த், ப் எல்லாம் சிவப்பு மையில் வந்து உட்கார்ந்துவிடும். இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்தியே வயிறு கழுவுகிற மனிதர், பொடி எழுத்தைப் படிக்காமல் ஏமாந்தார் என்றால் யார் நம்புவார்கள்? அவராலேயே நம்ப முடியவில்லை. அதனால்தான் அத்தனை ஆத்திரம்.

அவர் மனைவி தையல்காரி. கூடத்தில் துணியும் நூலுமாகக் கிடந்தது போதும், இன்னும் மூன்று மாதத்தில் காலியாகப் போகும் தெருமுனைக் கடையைப் பிடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வங்கி மேலாளர், "கிரெடிட் ஸ்கோர் எழுநூத்தம்பது இருந்தா லோன் பிரச்சினை இல்ல சார். ரிப்போர்ட் எடுத்துப் பாத்துக்குங்க" என்றார்.

ஒற்றுக்காரர் கைப்பேசியில் தேடினார். முதலில் வந்த பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தான்: 'இலவசமாக தொடங்குங்கள்'.

"இங்க வந்து பாரு, 'த்' போடல! இவனுங்களுக்கெல்லாம் யாரு தமிழ் சொல்லிக் குடுத்தா?" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த ஒரு 'த்'திலேயே கண்ணாக இருந்த மனிதர், 'பெறுங்கள்' என்று போடாமல் ஏன் 'தொடங்குங்கள்' என்று போட்டிருக்கிறான் என்று யோசித்தாரா? இல்லை. அடையாளம் சரிபார்க்க என்று கார்டு எண் கேட்டது, கொடுத்தார். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி, அதன் பக்கத்தில் அவர் போடாத ஒரு டிக். ஸ்கோர் எழுநூற்று ஐம்பத்து நான்கு என்று வந்தது. சந்தோஷத்தில் இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

அந்தச் சாம்பல் வரியில் சொல்லியிருந்தபடி, இலவச ஏழு நாள் கழிந்ததும் மாதச் சந்தா ஓடத் தொடங்கியது. குறுஞ்செய்தியில் வேறு ஏதோ கம்பெனிப் பெயர் இருக்க, வங்கிதான் ஏதோ பிடிக்கிறது என்று விட்டுவிட்டார். மூன்றாவது மாதம் சந்தா போக, கணக்கில் கொஞ்சம் குறைந்து, ஃபிரிட்ஜ் தவணை திரும்பிவிட்டது. கடன் விண்ணப்பத்தோடு போனபோது மேலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"எழுநூத்திப் பதினெட்டு காட்டுதே சார். ஒரு தவணை பவுன்ஸ் ஆயிருக்கு." கதையைக் கேட்டுவிட்டு, "கார்டு நம்பர் கேட்டா அது எப்படி சார் இலவசம்? ஸ்கோர் போடுறவங்களே ரிப்போர்ட்ட சும்மா தர்றாங்க, நேரா அங்க போயிருக்கலாமே" என்றார்.

இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

சந்தாவை நிறுத்தும் இடம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் அகப்படவில்லை. போன் செய்தால் நாற்பது நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண், "உங்களுக்காகப் பாதி விலையில ஒரு ஆஃபர் இருக்கு சார்" என்றாள்.

"ஒரு மண்ணும் வேணாம்மா, நிறுத்தித் தொலைங்க!"

நிறுத்தினார்கள். கடையை அதற்குள் ஒரு பழக்கடைக்காரர் முன்பணம் கொடுத்துப் பிடித்துவிட்டார். தையல்காரி இயந்திரத்தைக் கூடத்தின் அதே மூலைக்குத் தள்ளினாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கைப்பேசி சிணுங்கியது. 'உங்கள் ஸ்கோர் ஏன் குறைந்தது? இலவசமாகத் தெரிந்துகொள்ளுங்கள்!'

"இதுலயாவது தப்பு இருக்கா?" என்று ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"இல்ல. 'த்' போட்டுட்டானுங்க."