விசில்காரரின் வலது கை

அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுவது என் வேலை. கருமத்தம்பட்டிப் பக்கத்துக் கல்குவாரியிலிருந்து ஒருவர் உடைந்த வலது கையோடு வந்தார். நெட்டையான ஆள். புருவமெல்லாம் கல்தூசி, கழுத்தில் கயிறு கட்டிய விசில். பாறைக்கு வெடி வைக்கும் முன் விசில் ஊதி, சிவப்புக் கொடி காட்டி ஆட்களை விலக்குகிறவராம்.

சங்கம் ஆரம்பித்த இருவரை முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். மற்றவர்கள் ஸ்ட்ரைக் என்று குவாரி கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, கை எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டேன்.

"முதலாளியோட ஆளுக தடியோட வந்தாங்க. பழக்கதோசத்துல நான் விசிலை ஊதி, 'வெடி, வெடி'ன்னு கத்திப்போட்டனுங்க. அத்தன பேரும் லாரிக்கு அடீல பூந்துட்டாங்க. வெடி இல்லைன்னு தெரிஞ்சதும் வெளிய வந்து ரெண்டு பங்கா அடிச்சாங்க."

வெடி வைப்பதாக மிரட்டினார் என்று போலீஸ் அவர்மீதே வழக்கு எழுதியிருந்தது. அடித்தவர்களைப் பற்றி எழுதுவதற்குள் பேனாவில் மை தீர்ந்துவிட்டது போலும்.

கட்டுச் சுற்றும்போது, "கை வாய்க்கு எட்டற மாதிரி போடுங்க" என்றார்.

"சோறு திங்கவா? இடது கையில ஸ்பூன் புடிச்சுக்கங்க."

"சோத்துக்கு இல்லீங்க, விசிலுக்கு. நாளைக்கு மறுபடி கேட்டுக்குப் போகோணும். இடது கையில சங்கக் கொடி இருக்குமுங்க."

டாக்டர் சொன்னதைவிட முழங்கையைக் கூடுதலாக மடக்கிக் கட்டினேன். டாக்டர் முறைத்தார்.

"இல்லீன்னா பாவம், சாப்பிடச் சிரமப்படுவாருங்க" என்றேன்.