கையெழுத்து மட்டும் போட்ட வகுப்பு

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமியன்று பிற்பகலில் நடந்தது இது. அடி அண்ணாமலை அருகே, கிரிவலப் பாதையை ஒட்டிய முதியோர் இல்லத்தில் நான் தலைமை நர்ஸ். தூறல் விட்டிருந்தது. மலையின் பாதியை மேகம் மூடியிருக்க, வெறுங்காலோடு நடப்பவர்களின் சத்தம் ஜன்னல் வழியே வந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்தக் கட்டடமும் அவர்களோடு மெல்ல நகர்வது போலிருக்கும்.

எங்கள் இல்லத்தில் மாதம் ஒரு பயிற்சி வகுப்பு உண்டு. இருபது வருட சர்வீஸ் போட்ட எனக்கு எதற்கு வகுப்பு என்று ஒரு திமிர். நாற்காலி காலியாகத் தெரியக்கூடாதே என்று சமையல்கார அக்காவை உட்கார வைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்தைப் போட்டுவிடுவேன்.

அன்று பக்தர் ஒருவர் தந்த பொட்டலத்தில் மெதுவடை இருந்தது. எங்களிடம் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குப் பக்கவாதத்தால் சரியாக விழுங்க வராது. குழைந்த சாதம்தான் தர வேண்டும். ஆசையாகப் பார்த்தாரே, ஒரு வாய்தானே என்று நானே ஊட்டினேன்.

இருமினார். வீட்டில் புரையேறினால் செய்வதையே நானும் செய்தேன். உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க சார்" என்று சிரித்தேன். சட்டென்று இருமல் நின்றது. வாய் திறந்திருக்கிறது, சத்தமே இல்லை. உதடு நீலமாகிறது. எல்லாம் கனவில் போல மெதுவாக நடந்தது. என் கை தண்ணீர் டம்ளரை எடுத்தது.

"தண்ணி வேணாம் சிஸ்டர், நகருங்க!"

சமையல்கார அக்கா ஓடிவந்து அவரை முன்னால் குனியவைத்து, முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். நான்காவது அடியில் வடைத்துண்டு தெறித்து விழுந்தது. வாத்தியார் மூச்சை இழுத்தார்.

டாக்டர் வந்து பார்த்து ஆபத்தில்லை என்ற பிறகு, அக்காவின் கையைப் பிடித்து அழுதுவிட்டேன்.

"அழாதீங்க சிஸ்டர். நீங்க கிளாசுக்கு அனுப்பலன்னா எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

குத்திக்காட்டவில்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் சுட்டது. நிர்வாகியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இப்போது வகுப்பில் அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

வாத்தியார் அக்காவை "நர்ஸம்மா" என்றே கூப்பிடுகிறார். அக்கா கூச்சத்தோடு மறுத்தாலும் நான் வாத்தியாரைத் திருத்துவதில்லை. அன்று அந்த அறையில் இருந்த ஒரே நர்ஸ் அக்காதான் என்பது எனக்குத் தெரியும்.