அம்மா விட்டுவந்த தூண்டில்

எங்கள் அம்மா ஆண்டவரிடம் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அம்மாவின் நல்ல குணங்களைப் பற்றி எழுதச் சொல்லித் தங்கை கேட்டாள். எழுத உட்கார்ந்தால் நான் செய்த தவறுதான் முதலில் வந்து நிற்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா பிறந்தது பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஆர்.கே.பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். எங்களுக்கு விவரம் தெரியும் முன்பே நைனா இறந்துவிட, அம்மா விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்கள். வாரத்தில் ஆறு நாள் தறி. ஞாயிறு காலை ஆலயம். ஆராதனை முடிந்ததும் மூங்கில் தூண்டிலோடு ஊர் ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். தனக்கென்று அம்மா வைத்துக்கொண்ட ஒரே ஆசை அதுதான்.

அந்த ஏரியில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. துணி துவைப்பவர்கள், குளிப்பவர்கள், குதித்துக் கூத்தடிக்கும் பிள்ளைகள். அப்படியும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஜிலேபி மீன்கள் திரிவது கரையிலிருந்தே தெரியும். தன் நிழல் தண்ணீரில் விழாத இடமாகப் பார்த்து அம்மா உட்காருவார்கள். தறியில் அறுந்த இழைக்குப் போடும் அதே முடிச்சைத்தான் தூண்டில் முள்ளுக்கும் போடுவார்கள். குழம்புக்கு நாலு மீன் எடுத்துக்கொண்டு மற்றதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள்.

"இந்த இரைச்சல்ல எப்டிம்மா உக்காந்துகினு இருக்க?" என்று தங்கை ஒருமுறை கேட்டாள்.

"தறி சத்தத்தவிடவா? இங்க யாரும் என்னிய வேலைக்கு கூப்புடறதில்ல, அது போதும்" என்று சிரித்தார்கள்.

எனக்கு அரசு வேலை கிடைத்ததும் அம்மாவைத் திருத்தணிக்கு அழைத்து வந்தேன். ஞாயிறுதோறும் டவுன் பஸ் பிடித்து அந்தப் பழைய ஏரிக்கே போவதை மட்டும் அவர்கள் விடவில்லை. ஒருநாள் அலுவலகத்தில் ஒருவர், "சார், உங்கம்மா ஏரியில மீன் புடிச்சுகினு இருந்தாங்க. சம்பளம் பத்தலையா சார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கூனிக்குறுகி வீட்டுக்கு வந்தேன்.

"இனிமே நீ அங்க போவாதம்மா. மீன்தான வேணும்? நான் வாங்கியாறேன். என் மானம் போவுது."

அம்மா, "ஆங், சரிப்பா" என்றார்கள்.

அடுத்த ஞாயிறே வஞ்சிரம் வாங்கி வந்தேன். ஆறு வருடம் வாரம் தவறாமல் வாங்கினேன். அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்ற பெருமை வேறு. மீனுக்காகத்தான் போனார்கள் என்று நினைத்த என் அறிவை என்ன சொல்ல!

சிறுநீரகம் கெட்டுப் படுத்தபோது ஒரு மாலை என் கையைப் பிடித்து, "ஒரு தபா ஏரிக்கி இட்டுகினு போறியாப்பா? சும்மா பாத்துட்டு வந்துடலாம்" என்றார்கள்.

"உடம்பு தேறட்டும்மா, போலாம்" என்றேன். உடம்பு தேறவில்லை.

அடக்கத்தன்று, ஏரியில் துணி துவைக்கும் அக்கா ஒருவர் அம்மாவின் தூண்டிலோடு வாசலில் வந்து நின்றார். "நீ போவாதன்னு சொன்னப்புறம் உங்கம்மா இத எங்கிட்ட குடுக்கறதுக்குன்னே கடசியா ஒரு தபா வந்துச்சி தம்பி. எம்புள்ள மனசு மாறுனா வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிச்சி" என்றார். முள்ளில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. 'போய்ட்டு வாம்மா' என்ற ஒரு வார்த்தைக்காக அம்மா ஆறு வருடம் காத்திருந்திருக்கிறார்கள். கடைசிவரை எனக்கு அது வாயில் வரவில்லை.

அம்மாவை முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் ஜெபித்த போதகருக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. தூண்டிலைப் பத்திரமாக வைத்திருந்த அந்த அக்காவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

இன்று பகல் உணவு முடிந்ததும் அந்தத் தூண்டிலோடு ஏரிக்குப் போகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அந்த அம்மாவின் மகன் மீன் பிடிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லட்டும்.