யானைகளுக்கு விட்ட வழி

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அந்த வருடம் கம்பெனி பஸ்ஸில் நான் படித்துக்கொண்டிருந்தது பழைய ரோமானியத் தளபதி ஒருவனின் போர்களைப் பற்றிய புத்தகம். படித்ததை மதியம் கேன்டீனில் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பொறுமையாகக் கேட்டவர் வெல்டிங் பிரிவு நண்பர் ஒருவர்தான். அஞ்செட்டிப் பக்கம் காட்டோரத்து ஊர்க்காரர். ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, ஞாயிறுதோறும் ஊருக்குப் போய்வருவார்.

தகப்பனை ஸ்பெயின் போரில் பறிகொடுத்தவன் அந்தத் தளபதி. இருபத்தைந்து வயதில் அதே போர்முனைக்குப் போனான். அங்கே ஒரு கடலோரக் கோட்டையை, காயலில் நீர் வடிந்த நேரம் பார்த்து ஆட்களைத் தண்ணீரில் நடத்திப் பிடித்தான். பகைநாட்டுத் தளபதி ஆண்டுக்கணக்காக ரோமின் சொந்த மண்ணான இத்தாலியிலேயே கூடாரம் அடித்திருந்தான். இவனோ அவனிடம் மோதாமல் கடல் தாண்டி, அவன் நாட்டுக்குள்ளேயே போய் இறங்கினான். பகைவன் பதறியடித்து ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

கடைசிப் போரில் பகைவன் எண்பது யானைகளை முன்னால் நிறுத்தினான். தளபதி தன் படையைச் சந்து சந்தாக இடைவெளி விட்டு நிற்க வைத்தான். கொம்பு ஊதியதும் சில யானைகள் மிரண்டு சொந்த ஆட்களையே மிதித்தன. மற்றவை சந்துகளுக்குள் ஓடி மறுபக்கம் போய்விட்டன.

நண்பர் சாப்பிடுவதை நிறுத்தினார். "வழி வுட்டான் பாருங்கண்ணா, அது சரி. ஆனா கொம்பு ஊதுனானே! யானை எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்குத் தெரியும்?"

"ஜெயிச்சிட்டானேப்பா."

"அது அவன் நல்ல நேரம்."

ராகி அறுப்பு சமயத்தில் ஒரு ஞாயிறு அவர் ஊருக்குப் போயிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். விடிவதற்குள் காட்டுக்குத் திரும்ப முடியாத ஐந்து யானைகள், ஒரு குட்டியோடு, ஏரிக்கரைத் தோப்பில் மாட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் ஒரே கூட்டம். விசில், பட்டாசு, தூக்கிப் பிடித்த செல்போன்கள். வனக்காவலர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. தோப்புக்கும் காட்டுக்கும் நடுவில் நண்பரின் ராகிக் கொல்லை, சுற்றிக் கம்பிவேலி.

நண்பர் பைக்கிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துப் போய்த் தன் வேலியை வெட்டத் தொடங்கினார். அவர் மனைவி ஓடிவந்தார்.

"என்னாங்க பண்றீங்க? ரெண்டு நாள்ல அறுக்கணும்!"

"கொழந்தைங்கல்லாம் நிக்குது பாரு. இந்தப் பக்கம் திரும்புச்சின்னா?"

மனைவி ஒரு கணம் கதிர்களைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை நோக்கி நடந்தார். "எங்க கொல்லைய நாங்களே வுடுறோம். நீங்க எதுக்குப் பட்டாசு போடுறீங்க? நிறுத்துங்க!" என்று கத்தினார். அந்தக் குரலுக்கு எல்லாரும் அடங்கினார்கள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பெரிய யானை வெளியே வந்தது. குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு ஐந்தும் கொல்லை வழியே நடந்து காட்டுக்குள் மறைந்தன. பாதி ராகி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

நான் சொன்ன கதையால்தான் இப்படிச் செய்தாரோ என்று எனக்குள் உறுத்தியது. கேட்டே விட்டேன்.

"அதெல்லாம் ஞாபகமே வரலண்ணா. பயமாத்தான் இருந்துச்சி."

ஊர் திரும்பிய தளபதிக்கு நடந்த வரவேற்பைப் பற்றிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. அந்தப் போர் நடந்த நிலம் யாருடையது என்று ஒரு வரிகூட இல்லை. அதுவரை நானும் அதை யோசித்ததில்லை.

அவர் மனைவி அரிவாளோடு கொல்லைக்குள் இறங்கியிருந்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சாயங்காலம்வரை மூவரும் மிதிபட்ட கதிர்களைப் பொறுக்கி, மண்ணை உதறிக் கூடையில் போட்டோம்.