கணிதத் துறைக்குப் போன சர்க்குலர்

ஞானம்மாளுக்குக் கல்லூரியில் முக்கியமான வேலை நடப்பதுதான். ஆபீசில் சர்க்குலர் நோட்டை வாங்கிக்கொண்டு துறை துறையாகப் போவாள். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவாள். நடுவில் தண்ணீர், டீ, சாக்பீஸ்.

எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்பா படுக்கையில் விழுந்ததும் அம்மா அவளை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனிக்கு நூல் வெட்ட அனுப்பிவிட்டாள். கல்யாணம், திருநின்றவூரில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள் என்று எல்லாம் ஆன பிறகு இந்த வேலை கிடைத்தது. ஒன்பது வருடமாகக் காண்ட்ராக்ட். வருடா வருடம் மே மாதம் புதுப்பிப்பார்கள். அதுவரை அவளுக்குச் சோறு சரியாக இறங்காது.

அவளுக்கு அதிகம் பேச வராது. ஆனால் பார்ப்பாள். தமிழ்த் துறையில் சர்க்குலர் இரண்டு நாள் தூங்கும் என்று தெரியும். யார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார், யார் வெறுமனே பேனாவை நீட்டுகிறார் என்பதும் தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் பெண் ஆசிரியர்கள் அறையில் டம்ளர் எடுக்கப் போகும்போது கணிதத் துறை ஷோபனா மேடத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறாள். கூட்டத்தில் எழுந்து பேசுவது எப்படி, ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குவது எப்படி என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஷோபனா சொல்லிக்கொடுப்பார். டம்ளர்களை மெதுவாக எடுத்தால் நாலு வார்த்தை காதில் விழும்.

அந்தப் புதன்கிழமை காலை ஆபீஸ் சூப்பிரண்டு தாட்சாயிணி நோட்டைக் கொடுக்கும்போதே சொன்னார். "கணிதத் துறைக்கு மட்டும்தான். சிவராமன் சார் மே மாசம் ரிட்டயர் ஆகறார் இல்ல, அடுத்த துறைத் தலைவர் பொறுப்புக்கு விருப்பம் இருக்கறவங்க இன்னிக்கு நாலு மணிக்குள்ள எழுதிக் குடுக்கணும். விட்ராத."

பதினொரு மணிக்கு நோட்டைச் சிவராமன் மேசையில் வைத்தாள். "அப்புறம் வந்து எடுத்துக்க" என்றார். மூன்றேகால் மணிக்குப் போனபோது நோட்டு செய்தித்தாளுக்கு அடியில் இருந்தது. சிவராமன் கையெழுத்து, அடுத்துத் திருமுருகன் சார் கையெழுத்து. அந்தப் பொறுப்புக்குத் தகுதியான இன்னொருவர், திருமுருகனுக்கு நாலு வருடம் மூத்தவர், ஷோபனா. அந்தப் பெயருக்கு எதிரே ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, சிவராமன் கையால். வருகைப் பதிவேட்டில் தினமும் பார்க்கிற எழுத்துதான் அது. லீவு.

ஞானம்மாள் நோட்டை எடுத்து மூடினாள். ரெண்டேகால் மணிக்குத்தான் மூன்றாவது மாடித் தேர்வறையில் ஷோபனாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மேற்பார்வைக்கு நிற்கிறவர் ஐந்து மணிவரை வெளியே வர முடியாது. போனும் கையில் இருக்காது.

ஆபீசுக்குத் திரும்பும் வழி வலப்பக்கம். அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

தேர்வுக் கட்டட வாசலில் வாட்ச்மேன் ஜேசுராஜ் நாற்காலியை விட்டு எழாமலே கேட்டான். "இன்னாக்கா, பரிட்சை எழுதப் போறியா? ஹால் டிக்கெட் கீதா?"

"தண்ணி கேன் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு நோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படியேறினாள். பொய் சொன்னதில் காது சுட்டது.

ஷோபனா கதவருகே வந்து நின்றார்.

"மேடம், நீங்க இன்னிக்கு லீவா?"

"என்ன கேள்வி இது? முன்னாடிதானே நிக்கறேன்."

"இதுல அப்டித்தான் போட்டுக்கீது."

ஷோபனா படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். "சார் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"நாலு மணிக்குள்ள குடுக்கணுமாம் மேடம்."

"எப்படிக் குடுக்கறது? வீட்ல கேக்கணும். பொண்ணு பத்தாவது. ஹெச்.ஓ.டி. ஆனா தினம் ஏழு மணி ஆயிடும்." குரல் இன்னும் தணிந்தது. "விடு ஞானம்மா. திருமுருகனே இருக்கட்டும்."

ஞானம்மாள் நோட்டை மூடவில்லை. "புதுசா சேந்த ஹெலினா மேடத்தாண்ட வேற மாதிரி சொன்னீங்களே. பயம் போவட்டும்னு காத்துனு இருக்காத, பயந்துகினே எழுதிக் குடுன்னு."

"அது அடுத்தவங்களுக்குச் சொல்றது."

உள்ளே ஒரு மாணவி கூடுதல் தாள் கேட்டுக் கை தூக்கினாள். ஷோபனா போய்க் கொடுத்தார், பதிவேட்டில் குறித்தார், வரிசைகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்தார். சுவர்க் கடிகாரம் மூன்று முப்பத்தெட்டு. யாராவது படியேறி வந்தால் என்ன சொல்வது என்று ஞானம்மாள் யோசித்துப் பார்த்தாள்.

திரும்பி வந்த ஷோபனா நோட்டை வாங்கினார். தனியாக எழுதத் தாள் இல்லை. தேர்வுத்தாள் கணக்கு வைத்துக் கொடுத்தது, தொடக்கூடாது. நோட்டைக் கதவில் அழுத்தி, தன் பெயருக்குக் கீழேயே எழுதினார். தேர்வுப் பணியில் இருக்கிறேன், மணி 3.41, துறைத் தலைவர் பொறுப்புக்கு என் விருப்பத்தைத் தெரிவிக்கிறேன். கையெழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியது. "போ, சீக்கிரம்" என்றார்.

ஆபீசில் சிவராமன் உட்கார்ந்திருந்தார்.

"நோட்டு எங்க ஊர் சுத்திட்டு வருது?"

"ஒரு கையெழுத்து பாக்கி இருந்துச்சு சார்."

"அதான் லீவுன்னு போட்டிருந்தேனே."

ஞானம்மாள் நோட்டைத் தாட்சாயிணி மேசையில் வைத்தாள். "லீவு இல்ல சார். ரெண்டேகாலுக்கு நான்தான் தண்ணி குடுத்தேன்."

ஒன்பது வருடத்தில் அவரிடம் அவள் அவ்வளவு பேசியதில்லை. தாட்சாயிணி நோட்டை இழுத்துப் பிரித்தார். "தேர்வு டியூட்டி லிஸ்ட்டே நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினதுதானே சார்" என்று சொல்லிக்கொண்டே முத்திரையை மையில் அழுத்திக் குத்தினார். பக்கத்தில் 3.52 என்று எழுதினார்.

"ஏதோ ஞாபகத்துல தப்பா போட்டிருப்பேன்." சிவராமன் ஞானம்மாளிடம் திரும்பினார். "தேர்வு ஹாலுக்கு நோட்டைக் கொண்டுபோன்னு உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"உன் காண்ட்ராக்ட் எப்ப முடியுது?"

"மே மாசம் சார்."

"உங்களுக்கும் மே தானே சார்" என்றார் தாட்சாயிணி, தலையை நிமிர்த்தாமல். மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை இருமலாக்கினார். ஞானம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிவராமன் எழுந்து போகும்போது அவள் பெயரை முழுசாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்தேகாலுக்கு ஷோபனா அவளைத் தேடி வந்தார். "பதிவாயிடுச்சு. ரெண்டு பேரையும் நேர்ல கூப்பிடுவாங்களாம். வீட்ல சொன்னேன், பாக்கலாம்னாங்க" என்றார். பிறகு பக்கத்தில் வந்து, "நோட்டு யார் கொண்டுவந்தாங்கன்னு கேட்டா நான் சொல்ல மாட்டேன். உன் பேரு வெளிய வராது" என்றார்.

"வந்துடுச்சு மேடம்" என்றாள் ஞானம்மாள்.

இருவரும் சேர்ந்து நிற்பதை யாராவது பார்க்கிறார்களா என்று ஞானம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிறகு தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கினாள்.