ஃப்ரீசர் பெட்டிக்காரன் 'வாரேன்' சொல்லக் கூடாது

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு பெட்டி இருந்துச்சாம். கண்ணாடி மூடி போட்ட, கீழே நாலு சக்கரம் வைத்த பெட்டி. அது போகாத வீடு இல்லையாம். போன வீட்டில் ஒரு நாளைக்கு மேல் தங்கினதும் இல்லையாம்.

தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்த வாய் எனக்கு, வேறு மாதிரி ஆரம்பிக்க வராது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையில் வேலை. இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பெட்டியை வண்டியில் கொண்டுபோய் வைத்து, பிளக்கைச் செருகி, காரியம் முடிந்ததும் திரும்ப எடுத்து வரவேண்டும். வாடிக்கையாளர் திரும்ப வரக் கூடாது என்று கடைக்காரரே சாமி கும்பிடுகிற தொழில். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள் என்று நம்ம வகையறா ஆட்களுக்கு நான் சொல்வது புரியும்.

முதல் நாள்

பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வீடு. பெட்டியை வைத்து, குளிர் சரியாக ஏறுகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரி. கிளம்பும்போது பழக்கதோஷத்தில் வாசலில் நின்ற மகனிடம், "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? நாக்குக்குத் தெரியவில்லை.

அழுது சிவந்த கண்ணோடு அவர் என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தம்பி, பெட்டிய எடுக்க வா. அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வராத சாமி" என்றார்.

காற்று பிடிக்கிற இடம்

கடை முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். எங்கள் கடைக்கு எதிரிலேயே பெட்ரோல் பங்க் இருக்கிறது, அங்கே டயருக்குக் காற்று சும்மாவே பிடித்துக்கொள்ளலாம். ஆனாலும் வாரத்துக்கு ஒரு முறையாவது, "கொண்டப்பநாயக்கன்பட்டியில காத்துப் பாத்துட்டு வா" என்பார். மலை ஏறுகிற ரோட்டடியில் ஒரு பஞ்சர் கடை. அந்தக் கடைக்காரர் அண்ணனுடைய மருமகன். அண்ணனின் ஒரே மகள் சுகந்தி, வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய் ஆறு வருடம். அதற்கப்புறம் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

சுகந்தியக்கா கடைக்குள் உட்கார்ந்திருக்கும். என்னைப் பார்த்ததும், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்காது; வண்டி நல்லா ஓடுதா என்று மட்டும் கேட்கும். நானும் நல்லா ஓடுதுக்கா என்பேன். திரும்பி வந்தால் அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். கடை திறந்திருந்ததா என்று கேட்பார். திறந்திருந்தது என்பேன். "தொறந்திருந்தாச் சரி" என்பார்.

முன்னாடி யாரு?

சேந்தமங்கலம் தாண்டி ஒரு ஊர். பெட்டியை இறக்கியதும் ஒரு பெரியவர் வந்து, இதற்கு முன்னால் இது யார் வீட்டில் இருந்தது என்று கேட்டார். இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதில்லை. புதுப் பெட்டி என்று சொல்லிவிட வேண்டும் என்பது அண்ணன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். எனக்குப் பொய் சட்டென்று வராது. இரண்டு நாள் முன்னால் அதே ஊர்க் காலனியில்தான் இருந்தது, அதைச் சொல்லிவிட்டேன்.

பெட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தீட்டுக் கழிக்க மஞ்சள் தண்ணீர் வந்தது. மோட்டாரில் தண்ணீர் போகும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இறந்தவர் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் பெஞ்சிலேயே கிடந்தார். அவர் மனைவி ஈக்களை விசிறிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"முன்னாடி இதுல கெடந்த காலனிக்காரரும் இவரும் இருவது வருசம் ஒரே லாரியில டிரைவரு, கிளீனருங்க. ஒரு தலவாணியில மாத்தி மாத்தித் தூங்குனவங்களுக்கு இப்பத் தண்ணி ஊத்துறாங்க."

கடைக்கு வந்து சொன்னேன். அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், "ஒரு பொய் சொல்லத் தெரியலியே உனக்கு" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை.

ரெண்டு கொடி

ராசிபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பம். இறந்தவரின் மூத்த மகன் ஒரு கட்சி, இளைய மகன் எதிர்க்கட்சி. அப்பா தன் கட்சிதான் என்று இருவரும் ஆளுக்கொரு கொடியைக் கொண்டுவந்து பெட்டிமேல் போர்த்தினார்கள். ஒருத்தர் இழுக்க, மற்றவர் இழுக்க, கண்ணாடி முழுக்க மறைந்துவிட்டது. மாலையோடு வந்தவர்கள் துணியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இறந்தவரின் தங்கச்சி குமாரபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அவர் யாரோடும் சண்டை போடவில்லை.

"கொடிய எங்க வேணாக் கட்டிக்கங்க சாமி. எங்கண்ணன் மூஞ்சிய மட்டும் உட்டுருங்க."

முகாம்

இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கும் முகாம் ஒன்றுக்கு ஒரு தடவை போனேன். சந்து குறுகல், பெட்டியைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். இறந்தவரின் தம்பி யாழ்ப்பாணத்தில். அவர் பார்ப்பதற்காக ஒரு பெண் கண்ணாடிக்கு மேலே செல்போனைப் பிடித்தபடி கை மாற்றாமல் நின்றது. இறந்தவருடைய மகள்.

போன் பேசி முடிந்ததும், சொந்த நாடு போகணும் போகணும் என்றே அப்பா முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்துவிட்டார் என்றது. உனக்கும் போகணுமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் பொறந்தது சேலம் பெரியாஸ்பத்திரிண்ணா. எந்த நாடுன்னு எழுதுற எடம் வந்தா மட்டும் என் ஃபாரத்தத் தனியா எடுத்து வெச்சிர்றாங்க."

லோ வோல்டேஜ்

போன ஆவணியில், காலையில் கடை திறந்து பேப்பரை விரித்த அண்ணன் அப்படியே சாய்ந்துவிட்டார். எங்கள் பெட்டியில் அண்ணனையே வைத்து, அவர் வீட்டு ஹாலில் நானே பிளக்கைச் செருகினேன்.

மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று பங்காளிகள் முடிவெடுத்திருந்தார்கள். நான் வண்டிக்குக் காற்றுப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். சுகந்தியக்கா என் முகத்தைப் பார்த்ததும் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

அக்காவும் அதன் வீட்டுக்காரரும் பைக்கில் வந்து இறங்கியபோது, அண்ணனோடு பிறந்த மூத்தவர் கேட்டில் நின்றார். அந்தப் பிள்ளை உள்ளே கால் வைத்தால் பங்காளிகள் யாரும் பாடையைத் தொடமாட்டோம் என்றார். அதன் அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். நான்கு பெண்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். அக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டது. அங்கிருந்து பார்த்தால் ஹால் சுவர்தான் தெரியும். பாடை கிளம்பும்வரை, அப்பா முகத்தைப் பார்க்க அதற்கு மிச்சம் இருந்தது இரண்டு மணி நேரம்.

நான் மூத்தவரிடம் போய், "ஹால்ல லோ வோல்டேஜுங்க. மோட்டார் தாங்காது. வாசல் பாயிண்டுக்குக் கொண்டுபோகோணும்" என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது.

அவர் பெட்டியைப் பார்த்தார். சீராக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கேட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெட்டியின் ஒரு மூலையைத் தானே பிடித்தார்.

"போன வருசந்தான் இந்த ஊட்டுக்குப் புது ஒயரிங் பண்ணுனான் எந்தம்பி" என்றார்.

கேட்டுக்கு நேராக, முகம் ரோட்டைப் பார்க்க வைத்தோம். மாலைகளை நான் கால்மாட்டுக்குத் தள்ளினேன். அக்கா அழவில்லை, கண்ணைச் சிமிட்டினால் நேரம் போய்விடும் என்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றது.

பெட்டி திரும்பும்போது

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீடு கழுவிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் அம்மா ஈரப் புடவையோடு கேட்டுக்கு வந்து நின்றார். அக்கா ரோட்டைத் தாண்டி வந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டது. இரண்டு பேரும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வாரேம்மா" என்றது அக்கா.

"வா சாமி" என்றார் அம்மா.

இந்தத் தொழிலில் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டும் யாரும் முகம் சுளிக்காத ஒரே வீடு எங்கள் அண்ணன் வீடுதான், அதையும் பங்காளிகள் உள்ளே கால் வைக்க விடாத பிள்ளைதான் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் பைக்கோடு நின்ற தெருமுனை வரை நடந்து போனது.